அந்த நிலம் காலியாக இருக்கவில்லை: தமிழ்ப் பள்ளிப் பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல் குழுவினருக்கு,

கலிஃபோர்னியாவில் நாம் நடத்தும் தமிழ்ப் பள்ளியின் நான்காம் நிலைப் பாடநூலில் உள்ள 'மேற்கு நோக்கி ஒரு பயணம்' என்ற பாடம் எந்தத் திருத்தமும் இல்லாமல் அச்சுக்குப் போகும் என்றும், அதையே ஆண்டு விழாவில் குழந்தைகள் நாடகமாக நடிப்பார்கள் என்றும் பெற்றோருக்கு அறிவித்திருக்கிறீர்கள். இந்த முடிவை நான் ஏற்கவில்லை. நான் அனுப்பிய திருத்தங்களுக்கு உங்களிடமிருந்து மூன்று வரியில் பதில் வந்தது: இவை குழந்தைகளுக்கு ஏற்ற செய்திகள் அல்ல; பிழைக்க வந்த நாட்டில் இதுபோன்ற விவாதங்களில் நாம் தலையிடுவது முறையல்ல; நம் வேலை மொழி கற்பிப்பது, வரலாறு கற்பிப்பது அல்ல. இந்தக் காரணங்களை மற்றப் பெற்றோரும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

பாடத்தின் இரண்டாம் பத்தி சொல்வது இது: தங்கம் கிடைத்தபோது கலிஃபோர்னியா ஆள் நடமாட்டம் இல்லாத வெற்று நிலமாகக் கிடந்தது, துணிச்சல் மிக்க குடியேறிகள் மாட்டுவண்டிகளில் மலையும் பாலையும் கடந்து வந்து, காட்டைத் திருத்தி, அதைப் பொன் விளையும் பூமியாக்கினார்கள். குடியேறிகளின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. வரும் வழியிலேயே காலராவுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. ஆனால் நிலம் வெறுமையாகக் கிடந்தது என்பது பொய். ஒன்பது வயதுக் குழந்தைகளின் கையில், தமிழில், நம் பள்ளியின் பெயரைப் போட்டு அந்தப் பொய்யை அச்சிட்டுக் கொடுக்கப் போகிறோம்.

1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்கைக் கண்டெடுத்தார் என்று பாடம் சரியாகவே சொல்கிறது. அந்த இடம் நிசெனான் என்ற பூர்வகுடி மக்களின் ஊர் என்பதைச் சொல்லவில்லை. அங்கே மரம் அறுக்கும் ஆலையைக் கட்டிக்கொண்டிருந்த ஜான் சட்டரின் பண்ணையும் கோட்டையும் நிசெனான், மிவோக் மக்களின் கட்டாய உழைப்பில் நடந்தவை. அந்த உழைப்பாளிகளுக்கு மரத் தொட்டிகளில் உணவைக் கொட்டி உண்ண வைத்ததை, கோட்டைக்கு வந்துபோனவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே 1848 கோடையில் தங்க வயல்களைப் பார்வையிட்ட இராணுவ ஆளுநர் மேசன், அங்கே வேலை செய்த சுமார் 4,000 பேரில் பாதிக்கும் மேல் பூர்வகுடிகள் என்று வாஷிங்டனுக்கு அறிக்கை அனுப்பினார். தங்க வேட்டையின் முதல் ஆண்டில் ஆற்றங்கரையில் குனிந்து நின்றவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் மக்கள். அவர்களைத்தான் நம் பாடம் காணவில்லை.

அப்போது கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். 1870 வாக்கில் எஞ்சியவர்கள் சுமார் 30,000 பேர். நோயும் பட்டினியும் பெரும் பகுதியைக் கொண்டுபோயின. ஆனால் நோய் மட்டும் இதைச் செய்யவில்லை. பட்டினியும் தானாக வந்ததல்ல. ஓக் மரங்களை வெட்டி, மான்களைச் சுட்டுத் தீர்த்து, மீன் வரும் ஆறுகளைச் சேறாக்கியதால் வந்தது. அதற்கு மேல் அரசே முன்னின்று நடத்திய கொலைகள் இருந்தன. மாநிலத்தின் முதல் ஆளுநர் பீட்டர் பர்னெட் 1851 ஜனவரியில் சட்டமன்றத்துக்கு அனுப்பிய உரையில், இந்த இனம் அற்றுப்போகும் வரை அழிப்புப் போர் தொடரும் என்றே எதிர்பார்க்க வேண்டும் என்று எழுதினார். சட்டமன்றம் பணம் ஒதுக்கியது. 1851, 1852 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 10 லட்சம் டாலருக்கு மேல் கடன் பத்திரங்கள் வெளியிட்டு, தன்னார்வப் படைகளுக்குக் கூலியும் குதிரையும் கொடுத்தது. அந்தச் செலவின் பெரும்பகுதியைப் பின்னர் மத்திய அரசு ஈடுகட்டியது. கொலைக்கு ரசீது போட்டுக் கருவூலத்தில் பணம் வாங்கிய காலம் அது.

1850 ஏப்ரலில், மாநிலமாக முறைப்படி சேர்வதற்கும் முன்பே, இங்கே ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் பெயரில் பூர்வகுடிகளின் 'பாதுகாப்பு' என்ற சொல் இருந்தது. அந்தச் சட்டப்படி வேலையில்லாமல் திரிவதாகச் சொல்லி எந்தப் பூர்வகுடி மனிதரையும் பிடித்து ஏலத்தில் விடலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் வாராவாரம் அந்த ஏலம் நடந்தது. பூர்வகுடிக் குழந்தைகளில் ஆண்களைப் பதினெட்டு வயது வரையும் பெண்களைப் பதினைந்து வயது வரையும் வெள்ளையர் வீடுகளில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பூர்வகுடி சாட்சியத்தை வைத்து எந்த வெள்ளையரையும் தண்டிக்க முடியாது. பெற்றோரைக் கொன்றுவிட்டுக் குழந்தைகளைக் கடத்தி விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அந்தக் குழந்தைகளில் பலர் நம் நான்காம் நிலை மாணவர்களைவிடச் சிறியவர்கள்.

குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்கிறீர்களே, அதனால் இதைச் சொல்கிறேன். 1850 மே 15 அன்று கிளியர் ஏரியில் இருந்த ஒரு தீவில் போமோ மக்களின் ஊரை அமெரிக்க இராணுவம் சுற்றி வளைத்துச் சுட்டது. அதற்கு முன் அந்த மக்களை அடிமைகளாக வைத்துப் பட்டினி போட்டுச் சித்திரவதை செய்த இரண்டு பண்ணையாளர்களைப் போமோக்களில் சிலர் கொன்றிருந்தார்கள். பழிவாங்கப்பட்டவர்கள் அந்தச் சிலர் அல்லர். தீவில் கூடியிருந்த பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும். லூசி மூர் என்ற ஆறு வயதுச் சிறுமி கோரைப் புதரடியில் நீருக்குள் மூழ்கி, உள்ளே துளையுள்ள ஒரு தண்டின் வழியாக மூச்சுவிட்டு உயிர் பிழைத்தாள். அவளுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அந்த ஏரிப் பக்கம் வாழ்கிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கொல்லப்பட்ட பண்ணையாளர்களில் ஒருவரான கெல்சியின் பெயரால் அங்கே ஓர் ஊர் வழங்கி வந்திருக்கிறது.

படுகொலையை விவரித்து எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் திருத்தத்தில் இரத்தம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் படித்தீர்கள், உங்களுக்குத் தெரியும். நான் கேட்டது, இங்கே மக்கள் இருந்தார்கள், அவர்கள் நிலம் பறிக்கப்பட்டது, அவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்ற மூன்று உண்மைகளுக்கு இடம். ஒன்பது வயதுக் குழந்தை இதைத் தாங்கும். நம் குழந்தைகள் வாரநாட்களில் படிக்கும் அரசுப் பள்ளிகளில் நான்காம் வகுப்பில்தான் மாநில வரலாறு வருகிறது. மாநிலத்தின் சமூக அறிவியல் பாடத்திட்ட வழிகாட்டி அடுத்து மாற்றப்படும்போது, ஸ்பானியர் காலத்திலும் தங்க வேட்டைக் காலத்திலும் பூர்வகுடி மக்கள் நடத்தப்பட்ட விதம் அதில் இடம்பெற வேண்டும் என்று 2024 இல் சட்டமே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த ஜேம்ஸ் ராமோஸ், கலிஃபோர்னியப் பூர்வகுடிகளிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் உறுப்பினர். 2019 ஜூனில் ஆளுநர் நியூசம் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது, நடந்தது இனப்படுகொலை, அதை அப்படித்தான் எழுத வேண்டும் என்றார். அரசே ஒப்புக்கொண்டதை நாம் தமிழில் மறைக்க வேண்டிய தேவை என்ன?

உங்கள் பாடம் "காட்டைத் திருத்தினார்கள்" என்கிறது. நான் இந்தச் சேக்ரமெண்டோப் பள்ளத்தாக்கில் ஆற்று வண்டலை எடுத்துப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். என்ன திருத்தினார்கள் என்பதைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் என் தொழில்.

ஆற்றுமணலில் மேலாகக் கிடந்த தங்கம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோனது. 1853 இல் நெவாடா சிட்டி அருகே ஒரு புது முறை பிறந்தது. மலை ஓடைகளைக் கால்வாய் வெட்டித் திருப்பி, உயரத்திலிருந்து குழாய்களில் இறக்கி, பீரங்கி போன்ற இரும்புக் குழல்களின் வழியாக மலைச்சரிவின் மீது பீய்ச்சினார்கள். மலை கரைந்து ஓடியது. அந்தச் சேற்றையும் சரளையையும் நீண்ட மரக் கால்வாய்களில் ஓடவிட்டு, தங்கத்தைப் பிடித்து வைக்க அதில் பாதரசத்தைக் கொட்டினார்கள். தங்கத்தோடு ஒட்டிக்கொண்ட பாதரசம் போக, ஒவ்வோர் ஆண்டும் 10 முதல் 30 சதவீதம் வரை நீரோடு போனது. கலிஃபோர்னியா முழுவதிலும், பெரும்பாலும் சியரா மலைப்பகுதியில், இப்படி ஆறுகளில் கலந்த பாதரசம் சுமார் ஒரு கோடி பவுண்டு, அதாவது 4,500 டன் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் கணித்திருக்கிறது. அந்தப் பாதரசத்தின் பெரும்பகுதி, இன்று நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் சான் ஹோசேயை ஒட்டிய நியூ அல்மாடன் போன்ற சுரங்கங்களில் தோண்டியது. அந்தப் பக்கத்து நீர்த்தேக்கங்களிலும் பிடித்த மீனை உண்ணக்கூடாது என்ற பலகை இன்றும் நிற்கிறது.

கரைந்த மலை எங்கே போயிற்று? யூபா, பேர், அமெரிக்கன், ஃபெதர் ஆறுகளின் படுகையில் படிந்தது. 1917 இல் குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற நிலவியலாளர் அதை அளந்து கணக்கிட்டு, பனாமா கால்வாய்க்காகத் தோண்டிய மண்ணைப் போல் சுமார் எட்டு மடங்கு என்று எழுதினார். சால்மன் மீன்கள் சுத்தமான சரளைக்கல் இடுக்குகளில்தான் முட்டையிடும். அந்த இடுக்குகள் சேற்றால் அடைபட்டன. மேரிஸ்வில் நகரத்தில் ஆற்றுப் படுகை தெருக்களைவிட உயர்ந்தது. கரையை உயர்த்த, படுகையும் உயர, 1875 இல் வெள்ளம் கரையை உடைத்து ஊரை நிரப்பியது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வரை சேறு போய்ச் சேர்ந்தது. 1884 இல் நீதிபதி லொரென்சோ சாயர், சுரங்கக் கழிவை ஆற்றில் விடத் தடை விதித்தார். சுற்றுச்சூழலைக் காத்த முன்னோடித் தீர்ப்பு என்று அதைப் போற்றுகிறார்கள், போற்றத்தக்கதுதான். ஆனால் வழக்குப் போட முடிந்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். முப்பது ஆண்டுகளாக மீன் இல்லாமல் தவித்த நிசெனான் மக்களுக்கு அந்த நீதிமன்றத்தில் இடம் இருக்கவில்லை.

இதெல்லாம் முடிந்த கதை என்று நினைப்பவர்கள் மாலகாஃப் டிக்கின்ஸ் என்ற பழைய சுரங்கத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். குடைந்தெடுத்த அந்தப் பள்ளத்தாக்கின் சுவர்கள் இன்றும் மழைக்குக் கரைகின்றன. யூபா ஆற்றில் 1941 இல் கட்டிய எங்கிள்பிரைட் அணை தண்ணீருக்காகக் கட்டியதல்ல. சுரங்கச் சேற்றை நிறுத்தி வைக்கக் கட்டியது. அதில் மீன் ஏணி கிடையாது. அதற்கு மேலே சால்மன் போக முடியாது. கரையோரச் சேற்றைத் தட்டில் போட்டுச் சலித்தால் அடியில் வெள்ளி மணிபோல் பாதரசத் துளிகள் உருண்டு வருவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அந்தப் பாதரசத்தை மீன்களின் உடலில் சேரும் நச்சாக மாற்றுகின்றன. சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அந்த நச்சு கூடிக்கொண்டே போகும். அது தாயின் வயிற்றில் வளரும் குழந்தையின் மூளையைத் தாக்கும்.

நம் பள்ளியில் வார இறுதிகளில் மீன்பிடிக்கப் போகும் குடும்பங்கள் உண்டு. கருவுற்றிருந்த ஒரு தாய், கணவர் பிடித்துவந்த பாஸ் மீனில் குழம்பு வைத்ததாக மகிழ்ச்சியோடு சொன்னபோது, அந்த மீனைக் கருவுறும் வயதுப் பெண்களும் சிறுவர்களும் உண்ணவே கூடாது என்று இம்மாநிலத்தின் பல ஏரிகளுக்கு எச்சரிக்கை இருப்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஏரி இவ்வளவு தெளிவாக இருக்கிறதே!" என்றார் அவர். 170 ஆண்டுகளுக்கு முன் கொட்டிய பாதரசம் என்று விளக்கியதும், "இதைப் பள்ளியில் சொல்லித்தரலாமே" என்றார். என் திருத்தக் குறிப்புகள் அந்த உரையாடலுக்குப் பிறகு எழுதியவைதாம். எங்கோ எப்போதோ நடந்த செய்தி என்று தள்ளிவைக்க முடியாது, குழுவினரே. அது நம் அடுப்புவரை வந்திருக்கிறது.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகள் பன்னெடுங்காலம் காடுகளில் குளிர்காலத்தை ஒட்டிச் சிறு தீ வைத்து, காய்ந்த சருகையும் புதரையும் அப்புறப்படுத்தி வந்தார்கள். ஓக் மரங்கள் நன்கு காய்க்கவும், கூடை முடையும் தண்டுகள் நேராக வளரவும், மான்களுக்குப் பசும்புல் கிடைக்கவும் அந்தத் தீ உதவியது. நான் மேலே சொன்ன அதே 1850 சட்டம் புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தீ வைக்கத் தெரிந்த மக்களே காட்டிலிருந்து விரட்டப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் அரசு எந்தத் தீயையும் உடனே அணைப்பது என்ற கொள்கையை எடுத்தது. நூறாண்டுச் சருகு குவிந்தது. இன்றைய பெருந்தீக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். புவி வெப்பம் உண்டு, மின்கம்பிகள் உண்டு, காட்டுக்குள் கட்டிய வீடுகள் உண்டு. ஆனால் அதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று வனத்துறையே ஏற்கிறது. வடக்கே கரூக், யூரோக் மக்களோடு சேர்ந்து அதே பழைய தீயை இப்போது மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் காட்டுத்தீயில் எரிந்து 85 பேர் இறந்தார்கள். அந்தப் புகை சேக்ரமெண்டோவை மூடியது. பள்ளிகளை அடைத்தார்கள், நம் தமிழ் வகுப்பும் நடக்கவில்லை. பாரடைஸ் இருக்கும் அந்த மலைமுகடு கொன்கௌ மைடு மக்களின் நிலம். 1863 செப்டம்பரில் அந்தப் பகுதியில் வாழ்ந்த 461 பேரை இராணுவம் சிக்கோவிலிருந்து கடற்கரை மலைத்தொடரைத் தாண்டி ரவுண்ட் பள்ளத்தாக்குக்கு நடத்திச் சென்றது. போய்ச் சேர்ந்தவர்கள் 277 பேர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் செப்டம்பரில் அந்த நூறு மைல் பாதையை நடக்கிறார்கள். உங்கள் பாடத்தில் மாட்டுவண்டிப் பாதைக்கு முழுப்பக்க வரைபடம் இருக்கிறது. இந்தப் பாதைக்கு ஒரு கோடுகூட இல்லை.

பாடத்தின் பிற்பகுதியில் வரும் பெருஞ்சமவெளியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அங்கேயும் அதே 'வெற்றுப் புல்வெளி'தான் வருகிறது. அந்தப் புல்வெளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 3 கோடிக் காட்டெருமைகள் மேய்ந்தன. 1871 வாக்கில் அவற்றின் தோலைத் தொழிற்சாலை எந்திரங்களின் பட்டைகளுக்கு ஏற்றவாறு பதப்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். இரயில் பாதையும் வந்துவிட்டது. தோலை உரித்து உடலை அழுகவிட்டார்கள். 1889 இல் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது வட அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியவை 1,091. உணவும் உடையும் கூடாரமும் அந்த விலங்கிலிருந்தே பெற்ற லகோட்டா, செயென், கோமாஞ்சி மக்கள் பட்டினியால் முகாம்களுக்குள் ஒடுங்கினார்கள். பிறகு அந்தப் புல்வெளியை உழுதார்கள். கலப்பை போகும் இடத்துக்கு மழை தேடி வரும் என்று நிலத் தரகர்களும் இரயில் நிறுவனத்தாரும் பரப்பினார்கள். வறண்ட நிலம் அத்தனை பேருக்கு நீர் தராது என்று ஜான் வெஸ்லி பவல் 1878 இலேயே அரசுக்கு எழுதிய எச்சரிக்கை எடுபடவில்லை. 1935 ஏப்ரல் 14 அன்று ஓக்லஹோமா, டெக்சஸ் வானத்தை இருட்டாக்கிய புழுதிப்புயல், வேரோடு பெயர்த்த அந்தப் புல்வெளியின் மண். அந்தப் பத்தாண்டில் சுமார் 25 லட்சம் பேர் சமவெளி மாநிலங்களை விட்டு வெளியேறினார்கள். குடியேறிகளின் பேரப்பிள்ளைகளே ஏதிலிகளாக நம் பள்ளத்தாக்குக்கு வந்து பருத்தி எடுத்தார்கள்.

இனி உங்கள் இரண்டாவது காரணம். நாம் பிழைக்க வந்தவர்கள், வாய்திறக்கக் கூடாது என்கிறீர்கள். இந்த வரலாற்றுக்கு வெளியே நாம் நிற்கிறோம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 1853 இல் நெவாடா கவுண்டியில் லிங் சிங் என்ற சீனச் சுரங்கத் தொழிலாளியை ஜார்ஜ் ஹால் என்ற வெள்ளையர் சுட்டுக் கொன்றார். சீனர்கள் சாட்சி சொன்னதன் பேரில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பூர்வகுடியும் கறுப்பினத்தவரும் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்ற சட்டம் சீனருக்கும் பொருந்தும் என்றது. இரயில் பாதையின் மலைப்பகுதியைத் தங்கள் உயிரைக் கொடுத்து வெட்டிய சீனத் தொழிலாளர்களை 1882 இல் நாட்டுக்குள்ளேயே வரவிடாமல் தடுத்தார்கள். 1913 இல் ஆசியர் நிலம் வாங்க முடியாதபடி கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. 1923 இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யூபா சிட்டியில் பஞ்சாபி உழவர்கள் தங்கள் சொந்த உழைப்பில் வாங்கிய நிலத்தை வேறொருவர் பெயரில் வைத்திருக்க நேர்ந்தது. நிசெனான் மனிதரின் வாயை அடைத்த அந்தச் சட்டம்தான் ஆசியரின் வாயையும் அடைத்தது. அந்தத் தடைகள் உடைந்ததால் நாம் இங்கே வீடு வாங்கி, பள்ளி நடத்திக்கொண்டிருக்கிறோம். யாருடைய நிலத்தில் அந்த வீடு நிற்கிறது என்று அறிந்துகொள்வது தலையீடு ஆகாது. அது நாகரிகம்.

நாம் வாழும் நிலத்துக்குச் சட்டப்படியான விலைகூடத் தரப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1851-52 இல் மத்திய அரசின் தூதர்கள் கலிஃபோர்னியப் பூர்வகுடிகளோடு 18 ஒப்பந்தங்கள் செய்து, சுமார் 75 லட்சம் ஏக்கர் நிலத்தை அவர்களுக்கு ஒதுக்குவதாகக் கையெழுத்திட்டார்கள். அதை நம்பிப் பலர் தங்கள் ஊர்களை விட்டு வெளியேறினார்கள். செனட் 1852 ஜூலையில் மூடிய அறைக்குள் கூடி அந்த ஒப்பந்தங்களை நிராகரித்து, ஆவணங்களை முத்திரையிட்டு மறைத்தது. 1905 வரை அவை வெளியே வரவில்லை. நெவாடா சிட்டியின் நிசெனான் மக்களுக்கு மிஞ்சிய சிறு குடியிருப்பு நிலமும் 1964 இல் பறிபோனது. தனி இனக்குழுவாக மத்திய அரசு தந்திருந்த அங்கீகாரத்தையும் அதோடு இழந்தார்கள். அதைத் திரும்பப் பெற இன்றும் போராடுகிறார்கள். நம் பள்ளியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில்.

மூன்றாவது காரணம் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. நம் வேலை மொழி கற்பிப்பது மட்டும் என்கிறீர்கள். இந்த மண்ணில் தங்க வேட்டைக்கு முன் கிட்டத்தட்ட நூறு மொழிகள் பேசப்பட்டன. அவற்றில் பலவற்றுக்கு இன்று தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர் ஒருவரும் இல்லை. 1879 இல் பென்சில்வேனியாவில் கார்லைல் உறைவிடப் பள்ளி தொடங்கிய பிறகு நாடெங்கும் அதே மாதிரியில் பள்ளிகள் வந்தன. கலிஃபோர்னியாவில் ரிவர்சைடில் ஒன்று இருந்தது. குழந்தைகளை வீட்டிலிருந்து எடுத்துப்போய், முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். இந்தப் பள்ளிகளில் குறைந்தது 973 குழந்தைகள் இறந்தார்கள் என்று அமெரிக்க உள்துறை 2024 இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் பைடன் மன்னிப்புக் கேட்டார். பாட்டியின் மொழியைப் பேரன் கையில் சேர்க்கத்தான் நாம் வார இறுதி உறக்கத்தை விட்டு, சம்பளம் இல்லாமல் வகுப்பெடுக்கிறோம். அதே வேலையை இங்குள்ள மக்கள் எவ்வளவு பெரிய இழப்பிலிருந்து தொடங்குகிறார்கள் தெரியுமா? பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர்கள் கூடி, நூறாண்டுக்கு முன் மெழுகு உருளைகளில் பதிந்த தங்கள் முன்னோரின் குரலையும், ஆய்வாளர்கள் கிறுக்கிவைத்த குறிப்பேடுகளையும் துழாவி, ஒவ்வொரு சொல்லாக மீட்கிறார்கள். தாய்மொழிப் பள்ளி நடத்தும் நமக்கு இவர்களைவிட நெருங்கிய உறவு இந்த மாநிலத்தில் யார்? அவர்கள் இருந்ததே இல்லை என்று நாம் எழுதலாமா?

நாடகத்தைப் பற்றி. பாத்திரப் பட்டியலைப் பார்த்தேன். வண்டியோட்டிகள், தங்கம் சலிப்போர், இரயில் தொழிலாளர், இரண்டு 'செவ்விந்தியர்'. அந்த இருவருக்கும் இறகுக் கிரீடம், வசனம் இல்லை, ஒரு நடனம். அத்தகைய நெடிய இறகுக் கிரீடம் சமவெளி இனத் தலைவர்களின் மரியாதைச் சின்னம். சேக்ரமெண்டோப் பள்ளத்தாக்கில் யாரும் அணிந்ததில்லை. இறுதியில் எல்லாரும் கரடி வரைந்த மாநிலக் கொடியை அசைக்கிறார்கள். அந்தக் கரடியின் இனமும் இங்கே மிஞ்சவில்லை. மாநிலத்தின் கடைசிக் கிரிஸ்லி 1922 இல் துலாரே கவுண்டியில் சுடப்பட்டது. என் மகளுக்கு அந்த இரண்டு பாத்திரங்களில் ஒன்றைக் கொடுத்திருக்கிறீர்கள். அவள் நடிக்கமாட்டாள்.

என் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறேன்.

'மேற்கு நோக்கி ஒரு பயணம்' பாடத்தை இப்போதைய வடிவில் அச்சிடாதீர்கள். இரண்டாம் பத்தியை நீக்கிவிட்டு, இந்த வரிகளையோ இவற்றைவிட நல்ல வரிகளையோ சேருங்கள்: "நாம் வாழும் இந்தப் பள்ளத்தாக்கில் நிசெனான், மிவோக், பட்வின் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். ஓக் கொட்டையை இடித்து மாவாக்கி உண்டார்கள். ஆற்றில் சால்மன் பிடித்தார்கள். தங்கம் தேடி வந்தவர்கள் அவர்களுடைய நிலத்தைப் பறித்துக்கொண்டார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். பலர் தப்பிப் பிழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் நம் அருகில் வாழ்கிறார்கள். தங்கள் மொழியை மறுபடி கற்றுக்கொள்கிறார்கள்." நான்காம் நிலை மாணவர் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய தமிழ் இது.

வரைபடப் பக்கத்தில் மாட்டுவண்டிப் பாதையோடு, அந்தப் பாதை கடந்துபோன மக்களின் பெயர்களையும் எழுதுங்கள். ஆறுகளைப் பற்றிய பயிற்சியில் பாதரசத்தையும் எந்த மீனை உண்ணக்கூடாது என்பதையும் சேருங்கள். அந்தப் பயிற்சியை நானே எழுதித் தருகிறேன். ஏரிக்கரை எச்சரிக்கையைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டு எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுக்க அனுமதி தாருங்கள்.

நாடகத்தை மாற்றுங்கள். விழாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. யாரையும் இறகு கட்டி ஆடவிடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பாடத்தை எழுதும் முன், இப்பகுதிப் பூர்வகுடிகளின் பண்பாட்டு அலுவலகத்தை அணுகி, உரிய மதிப்பூதியம் கொடுத்து, வரைவைப் படித்துத் திருத்தித் தரக் கேளுங்கள். செலவுக்கு விழா நிதியில் ஒரு பகுதி போதும். போதாவிட்டால் பெற்றோர் பலர் தரத் தயாராக இருக்கிறார்கள்.

கொலோமாவுக்கு ஆண்டுதோறும் அழைத்துப்போகும் சுற்றுலாவில் தங்கம் சலிக்கும் விளையாட்டோடு திரும்பாமல், அங்கே நிசெனான் மக்கள் ஓக் கொட்டை இடித்த பாறைக் குழிகளையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சென்ற முறை ஒரு சிறுவன் அந்தக் குழிகளில் தேங்கியிருந்த மழைநீரைத் தொட்டு, இதை யார் தோண்டினார்கள் என்று என்னிடம் கேட்டான். அதற்கு நம் புத்தகத்தில் பதில் இல்லை.

இந்தப் பாடத்தை நான் வகுப்பில் நடத்தப்போவதில்லை. வேறு யாரையும் அப்படிச் செய்யும்படி தூண்டவுமில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் தாமே படித்து முடிவெடுக்கட்டும். ஆனால் கோப்பு அச்சகத்துக்குப் போவதற்கு முன் குழுவின் கூட்டத்தைப் பெற்றோருக்குத் திறந்துவிட்டு, என் திருத்தங்களை வரிவரியாக எடுத்துப் பேசி, எதை ஏற்கிறீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான்காம் நிலை ஆசிரியர்களில் ஒருவர்,
இப்பள்ளியில் படிக்கும் இரண்டு மாணவர்களின் தாய்